எட்டடியில் ஓர் உப்பு ரயில்

எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். என் கிளைப் பாதையில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மொத்தமும் அவ்வளவுதான். ஒரு ஸ்டேஷன், வண்டி தடம் மாறுகிற பாயிண்ட் மூன்று, ஒரு டீசல் எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஆறு உப்பு வேகன். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சுத்திச் சுத்தி வராதா?" என்பதுதான். வராது. வலது கோடியில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வண்டி வரும், நிற்கும், வேலையைப் பார்க்கும், வந்த வழியே திரும்பிப் போகும். அந்த வேலை இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனையும்.

மாடல் ரயில் என்றாலே பெரிய மேசை, நாலைந்து லைன், ஓயாமல் ஓடும் எக்ஸ்பிரஸ் என்று நினைத்துக்கொண்டு பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கிராமத்துப் பிராஞ்ச் லைன், அதிலும் அதன் கடைசி ஸ்டேஷன் மட்டும் இருந்தால் போதும். ஒரு மனுஷனுக்கு ஆயுசு முழுக்கச் செய்ய அதில் வேலை இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்துப் பாதை. திருத்துறைப்பூண்டியில் பிரிந்து தெற்கே நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி என்று போய்க் கோடியக்கரையில் முடிந்த மீட்டர்கேஜ். அம்மாவின் ஊர் நெய்விளக்குப் பக்கம் என்பதால் சின்ன வயதில் நான் அதிகம் ஏறிய ரயில் இதுதான். அகலப் பாதையாக மாற்ற வேண்டும் என்று 2000களின் முதல் பாதியில் ரயிலை நிறுத்தினார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. 2023 ஏப்ரல் 8-ஆம் தேதிதான் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப் பாதை திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் கோடியக்கரை வரை இருந்த பழைய பாதை திரும்ப வரவில்லை.

இந்தப் பாதையின் உயிர் உப்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற இடம் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதும் அகஸ்தியம்பள்ளியில்தான். நினைவுத் தூண் அங்கே இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்து ரயில் என்றால் நினைவுக்கு வருவது சைடிங்கில், அதாவது வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடத்தில், நிற்கும் துருவேறிய மூடிய வேகன்களும், கீற்று வேய்ந்த உப்புக் குவியல்களும், பனைமரங்களும்தான். அந்த மூன்றையும் வைத்து ஒரு ஸ்டேஷன் கட்டினேன். அகஸ்தியம்பள்ளியை அப்படியே நகலெடுக்கவில்லை. வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம் உப்பளத்தை ஒட்டி இன்னொரு சின்னக் கிளை முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, 'உப்புத்துறை' என்று பெயர் வைத்தேன். காலம் 1980களின் கடைசி. பெட்டிகள் இன்னும் செங்காவி நிறத்தில் இருந்த காலம்.

முழுப் பாதையையும் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் வைத்திருப்பது 87-ல் ஒரு பங்கு அளவு. 37 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 425 மீட்டர் வரும். என் வீட்டு மாடியில் ஆரம்பித்தால் கடைத்தெருவைத் தாண்டிப் போய் நிற்கும். ஆகவே எல்லா மாடல்காரர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைசி ஸ்டேஷனைக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு, மிச்ச உலகம் முழுவதையும் ஒரு திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இடது பக்கம் ஒரு துணித் திரை. அதற்குப் பின்னால் நாலடி நீளப் பலகைகள் மூன்று. ஒவ்வொரு பலகையிலும் இரண்டு அலுமினிய ஆங்கிள்களை 12 மி.மீ. இடைவெளியில் ஒட்டியிருக்கிறேன். ஆங்கிளின் நிமிர்ந்த விளிம்பே தண்டவாளம். வண்டியை அதில் ஏற்றி, பலகையோடு தூக்கித் திருப்பி வைத்தால் 'திருத்துறைப்பூண்டி போய்த் திரும்பிவிட்டது' என்று கணக்கு. ஜன்னல் செய்கிற கடையில் மிஞ்சிய துண்டு ஆங்கிள் எடைக்குக் கிடைக்கும்.

சரி, இப்போது அளவு. மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1000 மி.மீ. 87-ல் ஒரு பங்கு பதினொன்றரை மி.மீ. இதற்கு 12 மி.மீ. பாதையை வைத்துக்கொள்கிறார்கள்; எச்ஓஎம் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களில் பல மீட்டர்கேஜ் என்பதால், அவற்றை மாடல் செய்கிறவர்களுக்காக இந்த அளவில் தண்டவாளமும் சக்கரமும் ஐரோப்பாவில் செய்கிறார்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஐரோப்பாவின் சாதாரணப் பாதை 1435 மி.மீ. அதை டிடி என்கிற 120-ல் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கினாலும் அதே 12 மி.மீ. வருகிறது. அதாவது, டிடி எஞ்சினின் அடிப்பாகத்தை எடுத்து அதன்மேல் நம் மீட்டர்கேஜ் எஞ்சினின் உடலைப் பொருத்திவிடலாம். நான் அதைத்தான் செய்தேன்.

அதற்கு முன்னால் பாதையின் நீளக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிளைப் பாதை மாடலில் எல்லாமே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

உப்புத்துறையில் ஒரு பிளாட்பார லைன். அதற்குப் பக்கத்திலேயே ஒரு லூப். இடது கோடியில் ஒரு பாயிண்ட், வலது கோடியில் ஒரு பாயிண்ட், இரண்டும் இரு லைன்களையும் சேர்க்கின்றன. வலது பாயிண்டுக்கு அப்பால் ஒரு சின்னக் கழுத்து. அதில் எஞ்சின் மட்டும் நிற்கலாம், வேகன் ஒன்றுகூடச் சேர்ந்து நிற்க முடியாது. லூப்பிலிருந்து மூன்றாவது பாயிண்ட் வழியாக உப்பு சைடிங் வலது பக்கமாகப் பிரிகிறது. அவ்வளவுதான் மொத்தப் பாதையும்.

மீட்டர்கேஜ் பயணிகள் பெட்டி 19.5 மீட்டர். மாடலில் 22.4 செ.மீ. இரண்டு பெட்டிக்கு 45. நான்கு சக்கர வேகன் ஒன்று 8 செ.மீ.; மூன்றுக்கு 24. ஆக எஞ்சின் இல்லாமல் வண்டி 69 செ.மீ. அதனால் பிளாட்பாரத்திலும் லூப்பிலும் இரண்டு பாயிண்டுக்கும் நடுவே 75 செ.மீ. சுத்தமாக விட்டேன். உண்மையான வண்டியில் பெட்டிகள் இதைவிட அதிகம் இருக்கும். ஆனால் லூப்பையும் வண்டியையும் சேர்த்தே சுருக்கினால் கண் ஏமாறுகிறது, ஸ்டேஷன் நியாயமாகத் தெரிகிறது. வண்டியைச் சுருக்காமல் லூப்பை மட்டும் சுருக்கினால் எஞ்சின் சுற்றி வரவே முடியாது. பலகை வாங்குவதற்கு முன்னால் காகிதத்தில் வண்டியின் நீளத்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பலகைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி போட்டேன். எங்கள் ஊரில் கரையான் இல்லாத வீடு குறைவு. சாதாரண பிளைவுட் என்றால் பாதையைவிடக் கரையான்தான் வேகமாக ஓடும். கால்களின் உயரம் நாலடி. உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக வண்டி வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் பொம்மை. பக்கவாட்டில் பார்த்தால் ரயில்.

தண்டவாளத்தை நீளமாக வாங்கினேன். பாயிண்ட்களை நானே கட்டினேன். சர்க்யூட் போர்டுக்கு வருகிற தாமிரத் தகடு ஒட்டிய பலகையைத் துண்டு துண்டாக வெட்டி ஸ்லீப்பராக வைத்து, அதன்மேல் தண்டவாளத்தைச் சால்டர் செய்வது முறை. ஒவ்வொரு ஸ்லீப்பரின் நடுவிலும் ரம்பத்தால் தாமிரத்தைக் கீறிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். இரண்டு தடமும் பிரிகிற இடத்தில் வரும் நடு 'வி'யை அரத்தால் ராவி எடுப்பதுதான் பொறுமையான வேலை. நம் ரயில்வேயில் பாயிண்ட் விலகும் சாய்வு 8.5-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று என்று இருக்கும். நான் 6-க்கு ஒன்று வைத்தேன், நீளம் 15 செ.மீ.யில் அடங்கியது. பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில், ஆகவே சால்டரும் எனாமல் வயரும் எனக்குப் பழக்கம். பழகாதவர்களும் ஒரு பாயிண்டை முடித்துவிட்டால் அடுத்ததைப் பயப்படாமல் கட்டிவிடுவார்கள்.

எஞ்சின் ஒய்டிஎம்4. ஆல்கோ வடிவமைப்பு, ஆறு அச்சு. 1960களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்தது, பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். தெற்கே மீட்டர்கேஜில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பொன்மலை ஷெட்டில் இவை ஏராளமாக நின்றன. நீண்ட மூக்கு, ஓரத்தில் நடைபாதை, கம்பிப் பிடி, அந்தக் 'குடுகுடு' சத்தம். உடலைத் திருச்சியில் ஒரு மாணவர் ரெசின் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுத்தார். அடிப்பாகம் பழைய டிடி டீசல் ஒன்றினுடையது, ஜெர்மனியில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பியது. கைப்பிடிகளை மட்டும் 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியில் நானே வளைத்தேன். அச்சில் வருகிற கைப்பிடி தடியாகத் தெரிகிறது. கம்பி வைத்த பிறகுதான் எஞ்சினுக்கு முகமே வந்தது.

கட்டுப்பாடு டிசிசி என்கிற டிஜிட்டல் முறை. ஒரே எஞ்சினுக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். மெதுவாக ஓட்டுவதற்காக. பிராஞ்ச் லைனில் வேகம்தான் அழகைக் கெடுக்கும் முதல் எதிரி. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் விநாடிக்கு ஒன்பதரை செ.மீ.; எட்டடியைக் கடக்க 25 விநாடி. வேகன்களைப் பிரித்துச் சேர்த்து இடம் மாற்றும் ஷண்டிங்கில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் அதே எட்டடிக்கு ஒன்றேகால் நிமிஷம். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இவ்வளவு மெதுவாக ஓட்டினால் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கிறது. டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும். டிசிசி-இஎக்ஸ் என்று ஒரு திறந்த மென்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா போர்டு ஒன்று, மோட்டார் ஷீல்டு ஒன்று, அவ்வளவுதான் செலவு; செல்போனையே ஓட்டும் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம். பாயிண்டையும் கைகாட்டியையும் சின்ன சர்வோ மோட்டார்கள் நகர்த்துகின்றன.

கைகாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் இருந்தது கீழே சாயும் கை. படுக்கையாக நின்றால் நில், கீழே சாய்ந்தால் போ. மாடலில் அது 'டக்'கென்று விழக்கூடாது. கம்பி இழுபட்டு, கொஞ்சம் தயங்கி, இறங்கி, கடைசியில் ஒரு சின்ன அதிர்வோடு நிற்க வேண்டும். அந்த அதிர்வை சர்வோ நிரலில் எழுத ஒரு மழைக்காலச் சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியைவிட அதைத்தான் திரும்பச் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

வேகன்களின் எடை முக்கியம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இந்த அளவு வண்டிக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். என் வேகனுக்கு அது 70 கிராம் சொச்சம். வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வேதாரண்யத்தில் வாங்கி வேகனின் தரைக்கு அடியில் ஒட்டினேன். எடை சரியாக இருந்தால் பின்னால் தள்ளும்போது வேகன் தடம் புரளாது. இந்தப் பாதையில் பாதி நேரம் பின்னால் தள்ளுவதுதான் வேலை. வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங்குக்குக் கேடி என்கிற கம்பெனியின் வகை. நம் மீட்டர்கேஜில் இரண்டு பக்கமும் மோதலைத் தாங்கும் பஃபர் கிடையாது, நடுவில் ஒற்றை இணைப்புதான் என்பதால் பார்வைக்கும் பரவாயில்லை. மூங்கில் குச்சியை நடுவில் விட்டுத் திருப்பினால் கழன்றுகொள்ளும்.

உப்பளம் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலையாக இருந்தது. ஒன்றை முதலிலேயே சொல்கிறேன்: உப்பு மாடலில் உண்மை உப்பைப் போடவே கூடாது. காற்றின் ஈரத்தை இழுக்கும், கசியும், பக்கத்துத் தண்டவாளத்தையும் வயரையும் அரிக்கும். நான் போட்டது கல் கோலமாவு. டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு நனைத்தால் குவியல் குவியலாக இறுகிவிடும். முழு வெள்ளையாகவும் விடக்கூடாது. புதிதாக வாரிய உப்பில் லேசான சாம்பல் ஈரம் இருக்கும், பழைய குவியலின் அடியில் சேறு ஏறியிருக்கும். பாத்திகளுக்கு மண் நிறம் பூசி, அதன்மேல் பளபளக்கும் வார்னிஷ் மூன்று கை. கெட்டியான உப்புநீரில் வளரும் நுண்ணுயிர்களால் சில பாத்திகளில் இளஞ்சிவப்பு ஏறும். அதையும் ஒரு பாத்தியில் காட்டியிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் அதை நிறம் தவறியது என்று நினைக்கிறார்கள். வேதாரண்யத்துக்காரர்கள் பார்த்ததும் தலையை ஆட்டுகிறார்கள்.

பனை ஒன்று 19, 20 செ.மீ. உயரம். அசலில் பதினேழு மீட்டர் மரம். கம்பியை முறுக்கி, காகிதம் சுற்றி, பசையும் மரத்தூளும் பூசியது. மட்டையை விசிறியாகக் கத்தரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். கீழே காய்ந்து தொங்கும் மட்டைகளை விட்டுவிட்டால் பனை பனையாகவே தெரியாது. சீமைக்கருவேலத்துக்கு வெட்டிவேர். தென்னை நிறைய வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியதில் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் கண் முன்னாலேயே போயின. என் ஸ்டேஷன் 1980களில் நிற்கிறது. அங்கே தோப்பு முழுசாக இருக்கிறது. சதுப்பு ஓரத்தில் பூநாரைகள் நாலு, கோடியக்கரைக்குப் பக்கம் என்பதால்.

இனி ஓட்டம். நான் பலகைக்கு முன்னால் செலவழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான்.

காலை வண்டி கலப்பு வண்டி. திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது வரிசை இப்படி: எஞ்சின், மூன்று காலி வேகன், இரண்டு பயணிகள் பெட்டி. உப்பு சைடிங்கில் மூட்டை ஏற்றிய மூன்று வேகன் காத்திருக்கின்றன. திரும்பும்போது எஞ்சின், மூன்று ஏற்றிய வேகன், இரண்டு பெட்டி என்று போக வேண்டும்; காலி வேகன்கள் சைடிங்கில் இருக்க வேண்டும். கேட்க எளிது.

வண்டி வந்து நிற்கும்போது எஞ்சின் வலது கோடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சைடிங்கோ வலது பக்கமாகப் பிரிகிறது. அதற்குள் வேகனைத் தள்ள வேண்டும் என்றால் எஞ்சின் இடது பக்கம் இருக்க வேண்டும். ஆகவே முதலில் எஞ்சினைக் கழற்றி, கழுத்துக்குள் போய், லூப் வழியாக இடது கோடிக்குச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் தனி எஞ்சினாக லூப்புக்குள் திரும்பி, சைடிங்கில் போய் ஏற்றிய மூன்றையும் பிடித்து வெளியே இழுத்து, பிளாட்பாரத்தில் நிற்கும் பெட்டிகளோடு சேர்க்கணும். இப்போது வரிசை எஞ்சின், ஏற்றிய மூன்று, பெட்டி இரண்டு, காலி மூன்று. வாலில் இருக்கும் காலிகளைத் தவிர எல்லாம் சரியான இடத்தில். இனி மொத்த வண்டியையும் இடது பாயிண்டைத் தாண்டி வெளியே இழுத்து, பின்னால் தள்ளிக்கொண்டே லூப் வழியாகச் சைடிங்குக்குள் காலிகளை நுழைத்து, கழற்றிவிட்டு, மிச்சத்தைத் திரும்பப் பிளாட்பாரத்தில் வைத்தால் வண்டி தயார்.

இதில் ஓர் இடத்தில் எஞ்சினோடு சேர்த்து 111 செ.மீ. வண்டி இடது பாயிண்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் திரைக்குப் பின்னால் உள்ள பலகை நாலடி. கழுத்தில் ஒரு வேகனுக்கு இடம் கூடுதலாக விட்டிருந்தால் இந்த ஆட்டத்தில் பாதி காணாமல் போயிருக்கும். இடக்குறைவுதான் கணக்கைச் சுவாரசியமாக்குகிறது. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வடிவமைத்த 'இங்கில்நுக்' என்ற சின்ன ஷண்டிங் பாதை இதற்குப் பேர்போனது. மூன்று சைடிங், எட்டு வேகன். எட்டிலிருந்து ஐந்தை எடுத்துச் சொன்ன வரிசையில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துவதற்கு 6720 வரிசைகள் உண்டு. எட்டு வேகனுக்கு!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். முதன்முதலில் வந்து பார்த்தவர் மரத்தையும் உப்பையும் பார்க்கவே இல்லை.

"தம்பி, டிரைவருக்கு அத்தாட்சி எது?" என்றார்.

"ஒரே எஞ்சின்தானே சார் இருக்கு."

"ஒரே வண்டி ஓடினாலும் அத்தாட்சி வேணும். ஸ்டாஃப் கையில இல்லாம எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான்."

அவர் சொன்னது குட்டைக் கிளைப் பாதைகளுக்கு உள்ள ஏற்பாடு. பாதைக்கு ஒரே ஒரு ஸ்டாஃப், அதாவது ஒரு கோல். அது யார் கையில் இருக்கிறதோ அவருடைய வண்டி மட்டும் அந்தப் பாதையில் இருக்கலாம். போக்குவரத்து அதிகம் உள்ள பாதைகளில் நீல்ஸ் டோக்கன் கருவி. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, கம்பியால் பிணைக்கப்பட்டவை, உள்ளே இரும்பு உருண்டைகள். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால் அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகிறவரை இரண்டில் எதிலிருந்தும் இன்னொன்று வராது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருவதை ஒரு இரும்புக் குண்டு தடுத்துவிடுகிறது. உருண்டையைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் டிரைவர் கையில் மாட்டிக் கொடுத்த காட்சியை அவர் எழுந்து நின்று செய்தே காட்டினார்.

லேத்து பட்டறையில் சாண் நீளப் பித்தளைக் கம்பி ஒன்றைக் கடைந்து வாங்கினேன். அது இருந்தால்தான் போனில் வேகத்தைக் கூட்டலாம் என்பது இப்போது எங்கள் விதி. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் டிரைவர், சார் ஸ்டேஷன் மாஸ்டர், நான் திரைக்குப் பின்னால் வேதாரண்யம். சார் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ரெஜிஸ்டரில் வந்த நேரம், போன நேரம் எழுதுவார். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலிதானா என்று, லைன் கிளியர் கேட்டுப் போன் செய்வார். சம்மதத்துக்கு அடையாளமாக நான் பிரைவேட் நம்பர் சொல்ல வேண்டும், அவர் குறித்துக்கொண்டு தன்னுடையதைச் சொல்வார். இந்த ஏற்பாட்டில் அது தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். "பழக்கம் வரட்டும், நாளைக்கு இன்னொரு ஸ்டேஷன் கட்டுவீங்க" என்கிறார்.

மொத்த வண்டியையும் வெளியே இழுக்கிற கட்டத்தில் அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"ஏம்மா, பெட்டியில ஆள் இருக்கா?"

"எல்லாரும் இறங்கியாச்சு தாத்தா."

"பார்த்தியா, சொல்றியா?"

அவள் குனிந்து இரண்டு பெட்டியின் ஜன்னல்களையும் பார்ப்பாள். அப்புறம்தான் அவர் ஒரு தாளில் ஷண்டிங் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே போவதால். அந்தத் தாளை அவள் மடித்து வைத்துக்கொள்கிறாள். "மாமா, அசல்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் இரவு பகலாக அதைச் செய்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் பேசுவதைக் கேட்டோம். எனக்கு அது மிகப் பெரிய லாபம். ரயில்வே விதிகள் எல்லாம் ஏதோ விபத்துக்குப் பின்னால் எழுதப்பட்டவை என்று அவர் விளக்கியபோது, என் சின்னப் பாதையிலும் அவற்றை மதித்து ஓட்ட வேண்டும் என்று தோன்றியது.

ஒரு காலை வண்டி வந்து, வேலை முடித்து, திரும்பிப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரப்படுத்தினால் இருபது நிமிஷத்தில் முடியும், ஆனால் முடிப்பதற்காக யாரும் இதை ஓட்டுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் நிறுத்தி, பாயிண்ட்ஸ்மேன் நடந்து வர வேண்டிய நேரத்தைக் கொடுத்து, கப்ளிங் மாட்டி, பிரேக் குழாய் இணைக்கும் நேரத்தையும் விட்டு, அப்புறம் நகர வேண்டும்.

வேகன்களுக்கு அட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு எண், ஓர் அட்டை. அதில் எங்கிருந்து எங்கே, காலியா ஏற்றியதா என்று எழுதியிருக்கும். அட்டையைக் கலைத்துப் போட்டால் அன்றைய வேலை தானாக மாறும். ஒருநாள் மூன்று வேகனில் நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கச் சொல்லும், அன்றைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

பருவமும் உண்டு. வேதாரண்யத்தில் உப்பு வாருவது தை, மாசியில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விடும். என் கால அட்டவணையும் அப்படியே. சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்கு இரண்டு கலப்பு வண்டி, சைடிங் எப்போதும் நிரம்பியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கீற்றுக்கு அடியில் சேர்த்து வைத்த உப்பு மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை. மற்ற நாளில் பெட்டி இரண்டும் தனியாக வந்து போகும். மழைக்காலம் மாடல் பாதைக்கும் கஷ்டம்தான். உப்புக்காற்றில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கிறது. ஓட்டத்துக்கு முன்னால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் எஞ்சின் பாயிண்ட் மேல் நிற்காமல் ஊர்ந்துவிடும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. கீறலில் அழுக்கு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

அடுத்த பலகைக்கு அளவு எடுத்துவிட்டேன். நெய்விளக்கை மனதில் வைத்து ஒரு ஹால்ட்: தாழ்வான பிளாட்பாரம், ஒரு கொட்டகை, ஒரு லெவல் கிராஸிங், கேட்டுக்கு இந்தப் பக்கம் நெல் ஏற்றிய மாட்டு வண்டி. பாயிண்ட் ஒன்றுகூட இருக்காது. வண்டி ஒரு நிமிஷம் நின்று போகும், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் உப்புத்துறைக்கும் நடுவில் கேட் கீப்பருக்கு யார் போன் செய்வது, கேட் மூடியது என்று யார் நம்பர் கொடுப்பது என்று சார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். அக்கா மகள் கேட் கீப்பர் வேலை தனக்கு வேண்டும் என்கிறாள். அப்படியானால் எஞ்சினை நான் ஓட்ட வேண்டும்.